குறிப்பு கொடுக்கக் கூடாது

ஆஸ்பத்திரியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜெசிந்தா சொற்களை வாசித்து முடித்தாள். விளக்கு, குதிரை, மாங்காய், கதவு என்று தொடங்கி ஏணியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏற்ற இறக்கம் இல்லை, அவசரம் இல்லை, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரே அளவு மூச்சு. உளவியல் வகுப்பில் பேராசிரியர் தில்லைநாயகம் வாசித்துக் காட்டியது அப்படியே அவள் வாயில் வந்திருந்தது. பிறகு அவருடைய மனைவி மங்கையின் குரல் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில் ஏணி என்று சொன்னபோது அந்தக் குரலில், பரீட்சை ஹாலில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பேப்பரை நீட்டுகிற பெண்ணின் மிதப்பு இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தில்லைநாயகம் இரண்டு கைகளையும் முழங்கால்களின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இனி அரை மணி நேரம். அந்த அரை மணியில் ஜெசிந்தா அவளைக் கடிகாரம் வரையச் சொல்வாள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வாள், கட்டைகளை அடுக்கச் சொல்வாள். எல்லாம் கவனத்தை வேறு பக்கம் திருப்பத்தான். அது முடிந்ததும், முன்னால் எந்த எச்சரிக்கையும் தராமல், முதலில் வாசித்தேனே, அந்த வார்த்தைகளில் எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்பாள். அப்போது அவள் வாசிக்க மாட்டாள். உதடு அசைக்க மாட்டாள். தலையாட்ட மாட்டாள். உடனே திருப்பிச் சொல்வது ஞாபகம் இல்லை, எதிரொலி. அரை மணி தாண்டிப் பிழைத்திருப்பதுதான் ஞாபகம் என்று வருஷா வருஷம் ஜூலை மாதத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர். எழுதிவிட்டுத் திரும்பி, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். அந்த வாக்கியம் அவருக்கு அத்தனை பிடித்திருந்தது. இப்போது அது இந்தத் தடுப்புக்குப் பின்னால் மங்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து புதுச் சோதனை ஏதாவது வந்திருக்கும், அதைத்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தார். விளக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் வந்தது பயம் இல்லை, அதுதான் கேவலம். முதலில் வந்தது பெருமை. தான் செய்தது. தான் செய்த சோதனை இன்னும் உயிரோடு இருக்கிறது, ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஏதோ ஒரு காலை வேளையில், தன்னிடம் படித்த பெண் அதை எடுத்து வாசிக்கிறாள். மார்புக்குள் ஒரு சூடு பரவி மாங்காய் வரைக்கும் வந்தது. கதவு என்ற சொல்லில் அது நின்றுபோயிற்று. ஏனென்றால் கதவுக்கு அடுத்து மழை என்று ஜெசிந்தா சொல்வதற்கு முன்பே, தடுப்புக்கு உள்ளே மங்கை மெல்ல, மிக மெல்ல, ம் என்று முனகியது கேட்டது. தெரிந்தவர் தெருவில் எதிர்ப்பட்டால் வருமே, அந்த ம். அவருக்கு அப்போதே எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து கதவைத் தட்டி, ஜெசிந்தா, நிறுத்து, இது இவளுக்குச் செல்லாது என்று சொல்லியிருக்க வேண்டும். கால் எழவில்லை. எழாத கால்களைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுக்க அவரால் முடியும். முடிவெடுக்க இயலாமை, அதன் வகைகள், காரணங்கள். பையன்கள் குறிப்பெடுப்பார்கள்.

முனைவர் பட்டத்துக்காகத் தமிழில் ஒரு ஞாபகச் சோதனை செய்யலாம் என்று அவருடைய வழிகாட்டி சத்தியதாஸ் சொன்னபோது தில்லைநாயகத்துக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உறையூரில் ஒரு மாடிப் போர்ஷன். சாயங்காலங்களில் மங்கை அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்குவாள். அவர் எதிரே சம்மணமிட்டு, மடியில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, சொற்களை வாசித்துப் பழகுவார். ஒரே சீராக வாசிக்க வேண்டும், எந்தச் சொல்லிலும் பிரியம் காட்டக் கூடாது. முகம் கல்லு மாதிரி இருக்கணும்யா, உன் புருவம் அசைஞ்சா அதுவே அவனுக்கு ஒரு குறிப்பு என்று சத்தியதாஸ் மேஜையைத் தட்டிச் சொல்வார். அந்தக் கல் முகம் தில்லைநாயகத்துக்கு லேசில் வரவில்லை. மங்கை எதிரில் இருந்தால் எப்படி வரும்? அவள் வேண்டுமென்றே குதிரையைக் கழுதை என்பாள். இவர் சிரித்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து. எத்தனை சாயங்காலங்கள் என்று கணக்கே இல்லை. அவளுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது, உள்ளே தாரணி. சொற்களைக் கோத்து அவள் ஒரு கதையே கட்டிவிட்டாள். "விளக்கேத்தியாச்சு, குதிரை வந்து மாங்காயத் தின்னுட்டுது, கதவச் சாத்துனா மழை, தலை சீவ சீப்பக் காணோம், பாலத்து மேல தபால்காரன் கரும்பு கடிச்சுட்டு நிக்கறான், புள்ள தொட்டில்ல தூங்குது." கதை கட்டாதே மங்கை, கதை கட்டினால் அது வேறு சோதனை என்று அவர் கோபித்துக்கொள்வார். "புள்ளையத் தூங்க வச்சாச்சு, இனிமே எந்திரிச்சுப் போய்ச் சோறு வடிக்கலாம்" என்று அவள் அரிவாள்மனையைச் சாய்ப்பாள்.

"சார் யாருக்குப் பாக்க வந்திருக்கீங்க?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். லால்குடிப் பக்கம் போலிருந்தது, வேட்டியை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, ஸ்கேன் கவரை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். வீட்டுல, என்று தில்லைநாயகம் சொன்னார். "எனக்கு எங்கண்ணன். என்னையப் பாத்தா கரண்டு ரீடிங் எடுக்க வந்தவன்ங்கறாரு. நானும் விடறதில்ல, ஆமாண்ணே, இந்தத் தடவ கூடத்தான் ஓடியிருக்குன்னுடறேன். அதுக்கப்பறம் மனுசன் பேசாம இருக்காரு." அவரே சிரித்தார். "சாருக்கு என்ன உத்தியோகம்?" பேராசிரியர், சைக்காலஜி. "அடேடே. மனசப் படிச்சவரா. அப்ப நான் இப்ப என்ன நெனைக்கறேன்னு சொல்லுங்க பாப்போம்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரயிலில், கல்யாணப் பந்தியில், வங்கி வரிசையில் எல்லோரும் கேட்ட கேள்வி. அதற்கென்று ஒரு சிரிப்பு வைத்திருந்தார். அது இன்று வரவில்லை. தெரியலைங்க என்றார். அந்த மனிதர் கொஞ்சம் ஏமாந்துபோய், "சும்மா கேட்டேன் சார்" என்று கவரை வீசுவதை நிறுத்திவிட்டார். தெரியலைங்க. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னது போலிருந்தது. உடன் வாழ்கிறவளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, இந்த லால்குடிக்காரரின் தலைக்குள் இருப்பது எப்படித் தெரியும்?

எப்போது தொடங்கியது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. ஜெசிந்தா கேட்டபோது, ஒரு வருஷமா இருக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னார். நோயாளியின் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பதில். போன மழைக்காலத்தில் ஒருநாள் மங்கை சமயபுரம் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பியவள், தாங்கள் விற்றுவிட்டு வந்த பழைய வீட்டின் வாசலில் போய் நின்றிருந்தாள். அந்த வீட்டுக்காரர் போன் போட்டார். "மேடம் வந்திருக்காங்க, சும்மா பாக்க வந்தேன்ங்கறாங்க, ஆனா சாவி எங்கன்னு கேக்கறாங்க சார்." இவர் போய் அழைத்து வந்தார். வழியெல்லாம், மருதாணிச் செடி இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன் என்று அவள் சாதித்தாள். அதை நம்பிவிடலாம் என்று இருந்தது, நம்பிவிட்டார். நம்புவது சுலபம். பிறகு குக்கர். அரிசியைக் களைந்து பாத்திரத்தில் வைத்துவிட்டு, வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றி வெயிட்டும் போட்டிருந்தாள். கருகிய வாடைக்கு இவர் ஓடி வந்தபோது அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு முடிச்சுகள். எதையாவது மறக்காமல் செய்ய வேண்டுமென்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம், பால்காரனிடம் சொல்ல, இன்னாருக்குப் போன் பண்ண. காரியம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவாள். சலவைக்கு ஊற வைத்திருந்த புடவையைப் பிழிய எடுத்த ஒரு காலையில், அதன் முந்தானை கையில் கொத்தாக உருண்டது. முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சு, முடிச்சின் மேலேயே முடிச்சு. எதையும் அவிழ்க்கவில்லை. எது எதற்கு என்று தெரிந்திருந்தால் அவிழ்த்திருப்பாள். அவர் குளியலறைத் தரையில் குந்தியபடி ஒவ்வொன்றாக அவிழ்த்தார், ஈரத்தில் இறுகியிருந்தது, நகம் வலித்தது. ஒவ்வொரு முடிச்சுக்கு உள்ளேயும் என்ன இருந்தது? ஒன்றுக்குள்ளும் எதுவும் இல்லை, கொஞ்சம் சுருங்கிய துணி.

இதையெல்லாம் மகள் தாரணியிடம் சொன்னால் அவள் நம்பவில்லை. மஸ்கட்டில் இருக்கிறாள், எட்டாம் மாதம். அவளும் கணவனும் வேலைக்குப் போகிறவர்கள். பிரசவத்துக்கும் அதற்குப் பிறகும் அம்மா வந்து இருக்க வேண்டும், விடுப்பு முடிந்ததும் பகல் முழுக்கக் குழந்தையை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேச்சு. டிக்கெட் அடுத்த வாரத்துக்கு. "அப்பா, உங்களுக்குத் தனியா இருக்கணுமேன்னு பயம். அதுக்கு அம்மாவுக்கு வியாதி கட்டாதீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, ஒரு டெஸ்ட் எடுங்க. டெஸ்ட்ல ஏதாவது இருந்தா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். இல்லேன்னா அம்மாவ அனுப்பிடணும்" என்றாள். சோதனைக்குக் கட்டுப்படுவது என்பதைக்கூட அவள் இவரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். இன்று காலை ஆட்டோவில் மங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் மட்டும், ரோட்டைப் பார்த்தபடியே, "ஊர்ல இருக்கற பைத்தியத்த எல்லாம் பாத்து அலுத்துப்போயி, இப்ப வீட்டுலயே ஒண்ணு தேடறீங்க" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இவருக்குக் கைக்குழந்தை ஒன்று கண்ணில் நின்றது. குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, குழந்தை பக்கத்தில் துண்டின் மேல் கிடக்கிறது, மங்கை எதற்கோ அறைக்குள் போகிறாள், அங்கே போனதும் எதற்கு வந்தோம் என்று நிற்கிறாள். நின்றபடியே இருக்கிறாள். அவர் அந்தப் படத்தை அதற்கு மேல் ஓட விடுவதில்லை. அது தானாகவே திரும்பத் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஓடும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டைகள் உருளும் சத்தம் வந்தது. மங்கை ஏதோ சொல்ல, ஜெசிந்தா சிரித்தாள். நன்றாகத்தான் செய்கிறாள். தேதி, மாதம், ஊர், எண்கள், கட்டைகள், இதெல்லாம் இந்தக் கட்டத்தில் நன்றாகத்தான் வரும். ஸ்கேனும் வயதுக்கு ஏற்றபடி என்றுதான் சொன்னது. வியாதியைப் பிடிக்கக்கூடியது அந்தச் சொற்கள் மட்டும்தான், அதுவும் அரை மணி கழித்து. அவற்றையோ அவள் அவரைக்காய் நறுக்கியபடி எலும்புக்குள் ஏற்றி வைத்திருக்கிறாள். இன்னொரு சொல்வரிசை இருந்திருந்தால். எந்த ஞாபகச் சோதனைக்கும் இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொன்று வேண்டும், ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதை வைக்க. பட்டம் வாங்கிய கையோடு செய்துவிடலாம் என்றிருந்தார். அப்போது வேலை கிடைத்து மூன்று ஊர் மாறினார். அப்புறம் பாடத்திட்டக் குழு, அப்புறம் விடுதிக் காப்பாளர், அப்புறம் துறைத் தலைவர், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் ஆறு மாதம் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கோப்பு கட்டுவதும்தான் ஆராய்ச்சி. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் இந்தத் தடவை அந்த இரண்டாவதைச் செய்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ள ஒன்று இருந்ததே ஒருவித நிம்மதியாக இருந்தது. மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்றால், சார், இதுல புதுசா என்ன இருக்கு, ஏற்கனவே நீங்க செஞ்சதுதானே என்பார்கள். அவர்களுக்கு மன அழுத்தமும் கைப்பேசியும் வேண்டும். எண்பது பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்துக் கூட்டிக் கழித்து, பெண்களுக்கு ஆண்களைவிட மன அழுத்தம் கூடுதல் என்று கண்டுபிடித்துப் பட்டம் வாங்கிப் போனார்கள். எத்தனை கண்டுபிடிப்புகளுக்குக் கையெழுத்துப் போட்டார்! அடுத்த மே மாதம் ஓய்வு. சால்வை, சந்தன மாலை, தமிழில் ஞாபக ஆய்வின் முன்னோடி என்று யாராவது மைக்கில் சொல்வார்கள். முன்னோடிக்குப் பின்னால் ஒருவரும் ஓடி வரவில்லை, முன்னோடியும் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். அதனால் இன்று இந்த ஊரில் மங்கைக்கு வைக்க ஒரு சோதனை இல்லை. அவளுக்குத் தெரிந்த சோதனைதான் இருக்கிறது.

அப்போதுதான் ஏணி அவரை இடித்தது. ஏணி! அந்தச் சொல் வீட்டுச் சொல் இல்லை. அந்த இடத்தில் தொட்டில்தான் இருந்தது. சொற்களை எடுத்துக்கொண்டு முசிறிக்கும் குளித்தலைக்கும் போய் ஊர் ஊராக நூற்றுக்கணக்கான பேரிடம் வைத்துப் பார்த்தபோது, மற்ற சொற்களை ஆளுக்கு ஒன்று மறந்தார்கள், தொட்டிலை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. பல் போன கிழவர்கூட மறக்கவில்லை. சத்தியதாஸ் பென்சிலால் அதை அடித்தார். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற சொல்லு எதையும் அளக்காதுய்யா, தூக்கு அதை. அதன் இடத்தில் ஏணி வந்தது. மங்கை அப்போது தாய்வீட்டில், தாரணி பிறந்து இரண்டு வாரம். பிறகு அவர் அவளிடம் வாசிக்கவே இல்லை, தேவைப்படவில்லை. தொட்டிலை எடுத்ததை மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ஏங்க அத எடுத்தீங்க? புள்ள எங்க தூங்கும்?" என்றாள் மடியில் தாரணியை வைத்துக்கொண்டு. அப்படியானால் அவள் ஏணியை இன்றைக்குத்தான், இந்தத் தடுப்புக்குப் பின்னால்தான், முதல் தடவையாகக் கேட்டாள். அவர் முதுகு நிமிர்ந்தது. மற்ற எல்லாச் சொற்களும் வெறும் பாடல். ஏணி ஒன்றுதான் சோதனை. அரை மணி கழித்து அவள் வாயில் ஏணி வந்தால், வெளியே இருக்கும் புது விஷயம் ஒன்று அவளுக்குள் போய்த் தங்கியிருக்கிறது என்று பொருள். தங்குகிறது என்றால் அவள் போகலாம், மஸ்கட் போகலாம், குழந்தையைக் குளிப்பாட்டலாம், இவர் தனியாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு தான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று சந்தோஷமாக இருக்கலாம். ஒரு சொல். ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எந்த முதலாமாண்டுப் பையனும் சொல்வான். தெரியும். தெரிந்தும் அவர் உள்ளுக்குள் ஏணி ஏணி என்று சொல்ல ஆரம்பித்தார், பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவன் மாதிரி. மூங்கில் ஏணி, மாடிப் போர்ஷனில் தொட்டி கழுவ ஏறுவோமே மங்கை, அந்த ஏணி. பரணுக்குச் சாத்துவோமே. சொற்களைச் சுவர் வழியாக அவள் மண்டைக்குள் தள்ளிவிட முடியும் என்பது போல. லால்குடிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்திருக்க வேண்டும்.

உள்ளே கட்டைகளைப் பெட்டியில் போடும் சத்தம். மின்விசிறியின் சத்தம் மட்டும் பெரிதாயிற்று. "அம்மா, முதல்ல கொஞ்சம் வார்த்தை வாசிச்சேன்ல. அதுல இப்ப எதெல்லாம் ஞாபகம் இருக்கு, சொல்லுங்க." தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு, என்றது மங்கையின் குரல். குதிரை. மாங்காய். கதவு. மழை. அவளுக்கு அவசரமே இல்லை, அரிவாள்மனையில் காய் விழும் அதே கதி. சீப்பு. பாலம். தபால். கரும்பு. நின்றாள். கரும்புக்கு அப்புறம் எப்போதும் அங்கே ஒரு சின்ன நிறுத்தம் உண்டு, காய்த்தட்டை நகர்த்துவதற்கு. பல வருஷம் போட்ட வகுப்புகளும் கையெழுத்துப் போட்ட ஆய்வேடுகளும் எல்லாம் சேர்ந்து அந்த நிறுத்தத்தின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றன. தொட்டில், என்றாள் மங்கை.

ஜெசிந்தா கதவைத் திறந்து, சார் உள்ள வாங்க என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மங்கை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் முந்தானை நுனி. "சார், அம்மா அசத்திட்டாங்க. என் வயசுக்காரங்களே இப்படிச் சொல்ல மாட்டாங்க. கடைசி வார்த்தைய மட்டும் மாத்திட்டாங்க, ஏணிக்குப் பதிலா தொட்டில்னுட்டாங்க. பேரப்புள்ள நெனப்பு, வேறென்ன." இருவரும் சிரித்தார்கள். தில்லைநாயகம் உட்காரவில்லை. "ஜெசிந்தா, இது இவளுக்குச் செல்லாது. இவ இத முன்னாலயே கேட்டிருக்கா." "எப்ப சார்?" "நான் இதச் செஞ்சப்ப. முப்பது வருஷம் இருக்கும்." ஜெசிந்தா அவரைப் பரிவோடு பார்த்தாள். அந்தப் பரிவு அவருக்குத் தெரிந்தது, நோயாளியின் உறவினருக்குக் காட்ட வேண்டிய பரிவு, அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "முப்பது வருஷத்துக்கு முன்ன கேட்டது இன்னிக்கு வருதுன்னா, நாமதான் சார் அம்மாகிட்ட டியூஷன் வரணும்." பிறகு குரலை இறக்கினாள். "நீங்கதானே சார் சொல்லுவீங்க, வீட்டுக்காரங்க பயத்தக் கேட்டு மார்க் போடாத, எண் என்ன சொல்லுதோ அத எழுதுன்னு. எண் நல்லாத்தான் சார் இருக்கு. வேணும்னா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துக்கலாம்." இதோ இப்போது சொல்லிவிடலாம். ஏணி போனதும் தொட்டில் வந்ததும்தான் வியாதி, மற்றதெல்லாம் பாட்டு, மகளுக்குப் போன் போட்டு வேறு ஏற்பாடு செய்யச் சொல்லு என்று. மூன்றே வாக்கியம், அவள் கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள். வாயைத் திறந்தார். மங்கை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனையில் சொல் தீர்ந்துபோனவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள், முசிறியில் பார்த்தார்கள், குளித்தலையில் பார்த்தார்கள், எதிரில் இருப்பவன் புருவத்தையாவது அசைக்க மாட்டானா என்று. அவர் எத்தனையோ பேருக்கு அசைத்ததில்லை. "சரிம்மா" என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். தன் குரல் எங்கிருந்தோ வந்தது போலிருந்தது.

லிஃப்ட் வருகிற வரைக்கும் மங்கை அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்டில் அப்படிப் பிடித்துக்கொள்வாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள், வேறெங்கோ பார்த்தபடி. எதை? "அது நம்ம வீட்டுச் சொல்லுன்னு. அவ வெளக்குன்னதுமே தெரிஞ்சுட்டுது. அப்பாடான்னு இருந்துச்சுங்க. காலைலேர்ந்து, எது வராமப் போகுமோன்னே இருந்துச்சு." சற்று முன் அவள் எதிரிலேயே அவர் அதைச் சொல்லியிருந்தார், அது அவளிடம் தங்கவில்லை. ஆனாலும் தனக்கு மறக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பழைய வீட்டு வாசலில் நின்றபோதும் தெரியும், மருதாணிச் செடி என்றபோதும் தெரியும். அவர் எங்கிருந்தோ எட்டிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த இடத்தில் அவள் உள்ளேயே தனியாக இருந்திருக்கிறாள். "மங்கை, ஏணின்னு ஒரு வார்த்தை வாசிச்சாளே, அது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. "எந்த ஏணி?" என்றாள் அவள்.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தாரணி. மங்கை அதை எடுத்து, வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு, முகத்துக்கு எதிரே தட்டு மாதிரி ஏந்திக்கொண்டாள். "எல்லாம் சொல்லிட்டேன்டி. அந்தப் பொண்ணு அசந்துபோயிட்டா. ஒங்கப்பாதான் மொகத்த உர்ருன்னு வச்சுக்கிட்டு நிக்கறாரு, அவரு நெனச்ச மார்க்கு வரல." போனில் தாரணி சிரித்தாள், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை, அப்பா சொன்னது எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். "அப்படியா? அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு இப்ப எத்தனாவது மாசம்? சொல்லு பாப்போம்." விளையாட்டாகத்தான் கேட்டாள். விளையாட்டு இல்லாமலும் கேட்டாள். மங்கையின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆள்தான் போய்விட்டாள். கை தானாக முந்தானையைத் தேடி, நுனியில் இருந்த முடிச்சை விரல்களுக்குள் உருட்டியது. முடிச்சு எதையும் சொல்லவில்லை. அவள் கண்கள் மெல்ல எழுந்து அவரிடம் வந்தன. பேசாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், சொல்ல வேண்டாம், வெறும் கல்லாக இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும், தாரணிக்கே தெரிந்துவிடும், குழந்தை பிழைத்துக்கொள்ளும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாழ்நாளெல்லாம் அவர் பழகியது அந்த ஒன்றைத்தான். லிஃப்ட் வந்து கதவு திறந்தது, உள்ளே இருந்தவர்கள் இவர்கள் ஏறுவார்களா என்று பார்த்தார்கள், கதவு மூடிக்கொண்டது. "அம்மா?" என்றது போன். தில்லைநாயகம் முகத்தில் எதையும் காட்டவில்லை. கைகள் மட்டும் மேலே வந்தன. ஒரு கையில் ஐந்து விரல், இன்னொன்றில் மூன்று.

"எட்டு!" என்றாள் மங்கை. "ஏண்டி, பெத்தவளுக்கே பரீட்ச வைக்கறியா நீ?"

போனில் தாரணி வாய்விட்டுச் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே, அப்பா சும்மா பயமுறுத்தறாரு. நீ கெளம்பி வாம்மா." மங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஆகட்டும் ஆகட்டும் என்றாள். ஆனால் அவள் பார்வை போனில் இல்லை. அடுத்து தாரணி ஏதாவது கேட்டுவிடப் போகிறாள் என்று, அவர் இன்னும் இறக்காமல் வைத்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.